e.g. என்றால் உதாரணத்துக்கு

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஹைவே ஓரமெல்லாம் சேறு. மாடி ரூம் போர்வைகள் காயவில்லை.

ரிசப்ஷன் ஷபானாவுக்கு எட்டாம் மாதம். வெள்ளியோடு லீவு. அவள் இடத்துக்கு ஆள் தேடுகிறார் மேனேஜர். நான் வரட்டுமா என்று கேட்டே விட்டேன். "பாக்கலாம்மா" என்றார், போனிலிருந்து தலை தூக்காமல். ஆறு வருடமாக இந்த லாட்ஜில் ரூம் கூட்டுகிறவள். வேறென்ன சொல்வார்.

சாப்பாட்டு நேரத்தில் ஷபானா சொல்லிக்கொடுத்தது:
etc. – இன்னும் பல.
i.e. – அதாவது.
e.g. – உதாரணத்துக்கு.
கடைசி இரண்டும் குழப்பம். "அதாவதுன்னா அது மட்டுந்தான்க்கா. உதாரணம்னா இன்னும் இருக்குதுன்னு அர்த்தம்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்
வெயில். போர்வை காய்ந்தது.

பெங்களூரிலிருந்து வருகிறவருக்கு லாட்ஜ் போனில் நானே மெசேஜ். You are coming at 4. உடனே பதில்: No, at 6. கோபமோ என்று பயந்துபோனேன். ஷபானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கேள்விக்குறி எங்கக்கா? நாலு மணிக்கு வந்து சேருன்னு ஆர்டரே போட்டுட்டீங்க!"

வீட்டில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. "முப்பத்தெட்டு வயசுல ஏபிசிடியா?" என்றார் வீட்டுக்காரர். பிறகு அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்
மேகமூட்டம்.

காலையில் ஷபானா செக்கப்புக்குப் போயிருந்தாள். மேனேஜரும் இல்லை. எட்டரைக்கு டிபனுக்கு வரும் குடும்பம் அனுப்பிய மெசேஜ் போனில்: Daughter allergic to nuts, e.g. cashew. சமையலறைக்கு ஓடினேன். மிக்சியில் நிலக்கடலைச் சட்னி.

"நட்ஸ் ஆகாதாம், உதாரணத்துக்கு முந்திரியாம்" என்றேன்.

"பொங்கல்ல முந்திரி போடலம்மா. கடலைக்கு என்ன?" என்றார் மாஸ்டர்.

"உதாரணத்துக்குத்தான் முந்திரிங்கண்ணா. கடலையும் ஆகாததா இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். போனை எடுத்து எழுதினேன்: Groundnut also? மறக்காமல் கேள்விக்குறிக் கொக்கியும் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. Yes!! Groundnut is the worst. Please no.

இரண்டு ஆச்சரியக்குறி. அந்த அம்மா கத்துவது காதில் விழுந்த மாதிரி இருந்தது.

மாஸ்டர் மிக்சியை நிறுத்தினார். சட்னியைக் கொட்டினார். அந்த மிக்சியையே ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு, வேறு மிக்சியில் தக்காளிச் சட்னி அரைத்தார். குழந்தைக்கு ஆறு வயது இருக்கும். நாலு இட்லி சாப்பிட்டது. தூரத்தில் நின்று எண்ணினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
காற்று. மழை இல்லை.

மாஸ்டரே மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். "நாளையிலருந்து ரிசப்ஷன்ல உக்காரும்மா. ஒரு மாசம் பாப்போம்" என்றார் மேனேஜர். ஒரு மாதம் போதும் எனக்கு.

மாடிச் சாவிகளை, என்னோடு ரூம் கூட்டும் செல்வியிடம் கொடுத்தேன். "மூணாம் நம்பர்ல குழாய் ஒழுவுது, பக்கெட்டு வையி" என்றேன். "சரிங்க மேடம்" என்றாள். கிண்டலா, நிஜமா, தெரியவில்லை. எதுவானாலும் சரி, காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.