நாலாவது தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் ரத்தக் கொதிப்பு மட்டுப்பட்டதா? நீ வேளைக்குச் சாப்பிடுவதே இல்லை என்று போனில் குறைபட்டுக்கொண்டார். இங்கே நாங்கள் நலம். நான் வேலை முடிந்து வந்ததும் ஸ்பிரிட் வாடை என்று என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்வது மட்டும் மாறவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நம் வாலு தன் கையிலிருந்து பயறளவு தோலை எங்கள் ஆய்வகத்துக்குக் கொடுத்தான். இருபது வயதுப் பிள்ளை, அவனேதான் கையெழுத்துப் போட்டான். "அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க சித்தி, ஊசின்னாலே அழுவாங்க" என்றான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவன் போய் ஏழு மாதமாகியும் வாய் வரவில்லை.

அந்தத் தோலிலிருந்து நரம்பு செல்களை வளர்த்தோம். கண்ணாடித் தட்டில் மங்கலான ஒரு படலம், அவ்வளவுதான். அடியிலுள்ள நுண்கம்பிகள் அவற்றின் மின்துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும். அவன் நோயே ஒரு புரதம் இல்லாததுதான். தாமாக ஒட்டாத இரண்டு புரதங்களை நடுவில் நின்று சேர்த்துவைக்கும் இணைப்புப் புரதம் அது. அது இல்லாமல் அவன் செல்கள் தட்டில் வளர்ந்த இரண்டு மாதமும் துடிப்பே இன்றி ஊமையாகக் கிடந்தன. மனித மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து அந்தப் புரதத்தைத் தயாரித்து விற்கிறார்கள். குப்பியின் அடியில் உப்புத்தூள் போல இருக்கும். போன செவ்வாய்க்கிழமை அதைக் கரைத்துச் செல்களுக்குள் போகும்படி செலுத்தினேன்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் துடிப்பு வந்தது. மூன்று, சேர்ந்தாற்போல். கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒன்று. அக்கா, குளியலறைக் கதவை அப்படித் தட்டி நம் உயிரை வாங்கியது யார்?

கருவிக் கோளாறு என்றுதான் நினைத்தேன். தட்டை வேறு கருவிக்கு மாற்றினேன். அதேதான். வேறொருவரின் செல்களுக்கும் அதே புரதத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அங்கே தூறல் போல ஒழுங்கில்லாத துடிப்பு. எங்கள் டாக்டரம்மா வந்து வெகுநேரம் பார்த்தார். "தற்செயல்மா. அது வெறும் செல்லு, அங்க யாரும் இல்ல" என்றார். நானும் அதைத்தான் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அந்த அறைக்குள் போனால் இருவருமே குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம்.

நேற்று எல்லோரும் சாப்பிடப் போனபின், மேசையை விரலால் மூன்று முறை தட்டினேன். திரையில் கோடு அசையாமல் நின்றது. பிறகு அங்கிருந்து ஒரே ஒரு துடிப்பு வந்தது. அதற்குமேல் தட்ட எனக்குத் துணிவில்லை.

வாலு கையெழுத்திட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். தான் இல்லாவிட்டால் இந்தச் செல்களைப் பற்றி அம்மாதான் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறான். கைவசமுள்ள புரதம் இன்னும் பன்னிரண்டு நாளுக்கு வரும். அதன்பின் அவை மறுபடி ஊமையாகிவிடும். மேலும் வரவழைக்கட்டுமா, இத்தோடு விட்டுவிடட்டுமா?

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் என்னால் பேச முடியாது. ஒரு வரி எழுதிப் போடு. திட்டத் தோன்றினால் திட்டியே எழுது, வாங்கிக்கொள்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. அவனுக்குச் சித்தியாக இருக்கத்தான் எனக்குத் தெரியும் அக்கா. இதற்கு அம்மா வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை