நூறு தரம் கழுவிய நெய்

நங்கையா,

இன்று காலை பின்கட்டில் முந்திரிக்கொட்டை சுட்டார்கள். ஓட்டிலிருந்து பால் தெறித்து நெருப்பில் சீறுகிற சத்தம் கேட்டதுமே என் கை தானாகப் போய் இடது கன்னத்தை மூடிக்கொண்டது. புகை அடுக்களைக்குள் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். "ஏனுங்க அத்தை, உங்களுக்குக் கொட்டை வேண்டாங்களா?" என்று மருமகள் பின்னாலேயே வந்தாள். வேண்டாம் என்றேன். நாற்பது வருஷமாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உங்களைப் பற்றித்தான் சொல்லியிருப்பேன், நல்லபடியாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

நீங்கள் போய் மூன்று மாசம் ஆகிறது. போனவர்களோடு சண்டை பிடிக்கக்கூடாது என்கிறார்கள். இருந்தபோது பிடிக்க விட்டீர்களா?

நீங்கள் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நல்லேப்பிள்ளிக்கு வாழப்போய், புருஷனைப் பறிகொடுத்து, வடகரப்பதிக்கே திரும்பி வந்தவர். நான் மீனாட்சிபுரத்திலிருந்து மருமகளாக வந்தபோது இந்த வீட்டுச் சாவிக்கொத்து உங்கள் இடுப்பில்தான் இருந்தது. சின்ன வயசில் அம்மை போட்டு உங்கள் முகமெல்லாம் குழி. அதை நீங்கள் ஒரு நாளும் மறைத்ததில்லை. "என் மூஞ்சியில மழை பெஞ்சா குளம் கட்டும்" என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். நான் சிரிக்கமாட்டேன், சிரித்தால் எங்கே மனசில் வைத்துக்கொள்வீர்களோ என்று.

மூத்தவன் பிறந்த பிறகு என் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. கருகருவென்று, மூக்கு வரைக்கும். உங்கள் அம்மாவுக்கு, அதாவது என் மாமியாருக்கு, அதுவே பேச்சாகிப் போனது. "என்ன அம்முணி, மூஞ்சியில எருவாட்டி தட்டிக் காயப்போட்டிருக்கறயா?" என்று ஆள் இருக்கும்போதே கேட்பார். முதலில் கேலி, அப்புறம் யோசனை. நல்லேப்பிள்ளியில் உங்கள் நாத்தனார் ஒருத்தி சிவப்பாக, கல்யாணமாகாமல் இருந்தாள். "அவளையும் கட்டிட்டு வந்துட்டா ஊடு நிறைஞ்ச மாதிரி இருக்குமில்ல?" என்று சாப்பாட்டு நேரத்தில் அத்தை சொன்னபோது என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. நீங்களும்தான். அந்தப் பெண் உங்களுக்கு வேண்டியவள் என்பதை நான் அன்றைக்கே முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

அவர் பொள்ளாச்சிச் சந்தைக்கு வண்டி ஓட்டிப் போன அன்று நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். "மங்கு போறதுக்கு ஒரு வழி இருக்குது. எரியும். தாங்குவியா?" அடியில் துளை போட்ட சட்டியில் முந்திரிக்கொட்டை ஓட்டைப் போட்டுச் சூடு காட்டி, சொட்டுச் சொட்டாக இறங்கிய எண்ணெயைச் சிரட்டையில் பிடித்து வைத்திருந்தீர்கள். ஓட்டைக் கையாலும் பிழிந்தீர்கள். நல்லேப்பிள்ளியில் ஒரு வைத்தியர் வீட்டுப் பெண்ணுக்குப் போட்டதைப் பார்த்தேன் என்றீர்கள். கோழி இறகால் மங்கு இருந்த இடத்தில் மட்டும் தடவினீர்கள். எதற்காக எனக்கு நல்லது செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேதான் முகத்தைக் காட்டினேன். வேறு எங்கே போவேன்?

எரிச்சல் என்றால் எரிச்சல் அல்ல, முகத்தில் அடுப்பு வைத்த மாதிரி. மறுநாள் கொப்புளம். அதற்கு மறுநாள் இமை வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. அத்தை வந்து பார்த்துவிட்டார்.

"அய்யோ, என்னடி இது மூஞ்சி? ரண்டு பேரும் சேர்ந்து என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள், சாவிக்கொத்துச் சத்தம்கூடக் கேட்காமல், வாசலில் நின்று சொன்னீர்கள்: "கத்தாதீங்கம்மா. ஆத்தா வந்திருக்கறா."

அந்த ஒரு வார்த்தையில் வீடு மாறிப்போனது. நடையில் வேப்பிலை கட்டினார்கள். தாளிப்பு நின்றது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தார். ஒருமுறை அம்மை கண்டவர்தான் பக்கத்தில் இருக்கலாம் என்று உங்களையே என்னோடு நெல்லுக் குதிர் இருந்த அறைக்குள் விட்டார்கள். எட்டு மாசப் பிள்ளையை அன்றைக்கே என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டி நகரும்போது அவன் அழுதது சுவர் வழியாகக் கேட்டது.

"புள்ளையக் கொண்டு வரச் சொல்லுங்க. இது அம்மை இல்லீன்னு சொல்லுங்க" என்று உங்கள் காலைப் பிடித்தேன்.

"சொல்லட்டுமா? அழகுக்காக மூஞ்சியில எண்ணெயப் பூசிப் பொசுக்கிக்கிட்டான்னு சொல்லட்டுமா? நாளைக்கே மீனாட்சிபுரத்துக்கு வண்டி கட்டுவாங்க. நல்லேப்பிள்ளிக்கும் வண்டி கட்டுவாங்க. வேணுமா?"

பிடித்த காலை விட்டுவிட்டேன். ஆனால் அப்போதே யோசித்தேன்: எண்ணெய் வடித்தவர் யார்? உண்மை வெளியே வந்தால் வண்டி எனக்கு மட்டுமா கட்டியிருப்பார்கள்? என்னைக் காப்பாற்றிச் சொன்னீர்களா, உங்களைக் காப்பாற்றிச் சொன்னீர்களா?

பார்த்துக்கொண்டதில் குறை சொல்லமாட்டேன். சொல்வதற்கு அதில் இடம் இல்லை. வெளிச்சம் படாமல் ஜன்னலுக்குக் கோணி கட்டினீர்கள். காய்ச்சி ஆறின தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் நனைத்து, துடைக்காமல், சொட்டுச் சொட்டாக விட்டீர்கள். துணி ஒட்டிக்கொள்ளும் என்று கன்னத்துக்கு அடியில் வாழைக்குருத்து. வெண்கலத் தட்டில் பசு நெய்யைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, தண்ணீரை மாற்றி மாற்றி, நூறு தரம் கழுவி வெண்ணெய் மாதிரி ஆக்கிப் பூசினீர்கள். தோல் காய்ந்து ஓரம் தூக்கியபோது எனக்கு நகம் துறுதுறுத்தது. "கை வெச்சியோ, கையைக் கட்டிப்போடுவேன். அது தானா உதிரோணும். நீ பிய்ச்சா போன மங்கு பாய் போட்டுப் படுத்துக்கும்" என்றீர்கள். சிரித்தால் தோல் வெடிக்கும் என்று அந்தக் குளம் கட்டுகிற கதையைக்கூட நீங்கள் சொல்லவில்லை. உங்கள் கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. ஆத்தா இருக்கிற இடத்தில் சுத்தம் வேண்டும் என்று வெளியே சொல்லியிருந்தீர்கள், நானும் நம்பினேன்.

எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்ததும் அந்த அறையில்தான். அதற்கு நெய் இல்லை.

ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அத்தை வந்து நின்றார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து முகத்தில் பூசித்தான் ஊற்றுவது வழக்கம். அம்மை என்று சொன்ன பிறகு அதை எப்படித் தடுப்பது? புதுத் தோல் பால் ஆடை மாதிரி இருந்தது. வெளியே கூட்டிப் போகுமுன் நீங்கள் என் முகம் முழுக்க நெய்யைக் கனமாக அப்பினீர்கள், அரைத்தது உள்ளே படாமல் இருக்க. இடது தாடைக்கு மேலே மூன்று விரல் அகலம் மட்டும் பூசவில்லை.

"இங்கீங்க நங்கையா, இங்க படலீங்க."

"நெய் தீந்துபோச்சு அம்முணி."

தட்டில் எலுமிச்சங்காய் அளவு நெய் இருந்தது. வீங்கின கண்ணாலும் பார்த்தேன். பார்த்ததை நான் மறக்கிறவள் இல்லை.

அத்தை அழுத்தித் தேய்த்தார். மற்ற இடமெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. அந்த மூன்று விரல் இடத்தில் தோல் அவர் கையோடு வந்தது.

ஒரு மாசத்தில் மங்கு போய்விட்டது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "ஆத்தா உனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கறா" என்றார். நல்லேப்பிள்ளிப் பேச்சு அதோடு நின்றது. அத்தை மாரியம்மனுக்கு வருஷா வருஷம் மாவிளக்கு நேர்ந்துகொண்டார், வராத அம்மைக்கு. பிள்ளை திரும்பி வந்தான். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வீல் என்று அழுதான். அதற்கப்புறம் அவன் என்னிடம் பால் குடிக்கவே இல்லை. தாடையில் கறுப்பு மட்டும் நின்றுவிட்டது.

நாற்பது வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம். நீங்கள் என் கன்னத்தைப் பார்க்கிறபோதெல்லாம் நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்கள் நாத்தனாருக்காக ஒரு குறை விட்டுவைத்தீர்கள் என்றே நினைத்தேன். போன ஆனியில் நீங்கள் படுக்கையில் விழுந்தபோது கேட்டே விட்டேன். "அன்னைக்கு நெய் இருந்துதுங்களே, எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்கற?" என்றீர்கள். அது பதில் இல்லை.

உங்களைக் குளிப்பாட்டியது நான்தான். விரைத்த கையை விரித்துக் கழுவும்போது உள்ளங்கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் நடுவில் ரேகை இல்லை. கொட்டை ஓட்டைப் பிழிந்த கை. தோல் வெந்து, உரிந்து, பளபளவென்று கூடின வடு. தாலியறுத்தவர் மருதாணி வைப்பதில்லை என்பதால் ஒருத்தரும் உங்கள் கையைப் பிடித்துத் திருப்பியதில்லை. பந்தியில் பரிமாறும்போதுகூட கையைக் கவிழ்த்தே வைத்திருப்பீர்கள். அந்தக் கையால்தான் நெய்யை நூறு தரம் தேய்த்தீர்கள், ஏழு நாளும். அந்த எலுமிச்சங்காய் அளவு எங்கே போனது என்று எனக்கு அப்போது தெரிந்தது. தெரிந்ததா, நானாக நினைத்துக்கொள்கிறேனா? அதையும் இனிமேல் யாரிடம் கேட்க?

பக்கத்தில் நின்றவள் "தண்ணி ஊத்துங்க அம்முணி, நேரமாச்சு" என்றாள். ஊற்றினேன்.

பிள்ளையின் பால் கணக்கு தனி, அதை நான் விடப்போவதில்லை. நெய்யின் கோபம் மட்டும் இப்போது வேறாகிவிட்டது. வெந்த கையைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பாதி உங்களுக்கு, பாதி எனக்கு என்று நானே பிரித்துப் பூசிவிட்டிருப்பேன். கேட்காமல் எடுத்துக்கொண்டீர்களே நங்கையா, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.