கண் திறந்தபடி நீ கிடந்த மத்தியானம்

தம்பி,

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். ஊசி போட்ட கையில் இன்னும் ஸ்பிரிட்டு வாசனை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள்.

கொஞ்ச நாளாக விடியலில் எனக்கு விழிப்பு வருகிறது, உடம்பு வருவதில்லை. நெஞ்சின்மேல் யாரோ குந்தியிருக்கிற பாரம். "அமுக்குவான் பேய்ங்க" என்றேன் டாக்டரம்மாவிடம். அவர் சிரிக்கவில்லை.

"பேய் இல்லிங்க பெரியவரே. கனவு வர்ற நேரத்துல கை கால் ஆடாம உடம்பே கட்டிப்போட்டுக்கும். சில நேரம் முழிப்பு முந்திக்கும், கட்டு அவுர லேட்டாவும். தூக்கம் கெட்டவங்களுக்கு ஜாஸ்தி வரும்."

அங்கேயே அழுதுவிட்டேன். எனக்காக அழவில்லையடா.

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்ட வருஷம். கச்சிராயபாளையத்துக்கு பஸ் இல்லை. ராத்திரியெல்லாம் வெட்டிப் போட்ட மரங்களுக்குக் காவல் இருந்துவிட்டு, பகலில் போலீஸ் கண்ணில் படாமல் கரும்புக்கு நடுவே மோட்டார் கொட்டகையில் தூங்குவோம். உனக்கு அமுக்குவான் தொல்லை. இரும்பு இருந்தால் அண்டாது என்று அம்மா கொடுத்த அரிவாளைத் தலைமாட்டில் வைத்து மல்லாந்து படுப்பாய். அன்று ஜீப் சத்தம் கேட்டு எல்லோரும் கரும்புக்குள் பாய்ந்தோம். நீயும் பின்னால் வருகிறாய் என்றே நினைத்தேன். நீ கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தாயாம். பேய்க்கு வைத்த அரிவாள் போலீசுக்குச் சாட்சியாகிப் போனது.

ஜெயிலிலிருந்து நீ வந்த அன்று, டீக்கடையில் நம் மாமன் முறைக்காரர் ஆரம்பித்தார்.

"இன்னாடா, போலீசுக்குப் பாய் விரிச்சி வச்சிக்கினு இருந்தியா? எங்க பேரெல்லாம் சொல்லிக் குடுத்தியா?"

"முழிச்சிக்கினுதான் இருந்தேன் மாமா. கை கால் வரல. அமுக்கிடுச்சி."

"அமுக்குவான் இன்னா, போலீசுக்கு மச்சானா?"

கடையே சிரித்தது. காட்டிக்கொடுத்தவன் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பெண் தருவதாகச் சொன்னவர்களும் பின்வாங்கினார்கள். நீ வெள்ளிமலைக்கு ஏறிப் போய் சாமைக் காட்டில் கூலி வேலை பார்த்தாய். உயிரோடு இறங்கவேயில்லை. காய்ச்சலில் போன உன்னைத்தான் கீழே கொண்டுவந்தோம்.

இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அந்த மாமன் வீட்டுக்குப் போனேன். அவருக்குக் காது மந்தம். டாக்டரம்மா சொன்னதைக் கத்திச் சொன்னேன்.

"அப்போ அவன் சொன்னது நெசந்தானா?" என்று தலையைத் தொங்கப் போட்டார்.

அந்த ஒரு வார்த்தை உன் காதில் விழுந்திருக்கக் கூடாதா?

மலையில் கடைசியாகப் பார்த்தபோது சொன்னாய்: "ஜீப்பு நின்னதுலருந்து உள்ளுக்குள்ள உன்னத்தாண்ணா கூப்டுக்கினு இருந்தேன். வாய்தான் வரல."

அன்று எனக்குக் கேட்காத அந்தக் கூப்பாடு, இத்தனை காலமாக ஓயவேயில்லை, தம்பி.