மீசைக்கு ஒரு நாற்காலி

12.4.1983

காலையில் தேயிலைக் காடு முழுக்க ஒரே பனி. எதிர் லயத்து வீட்டு வரிசையே தெரியவில்லை. பக்கத்து வீட்டு வேலம்மா தண்ணீர் வாளியோடு போனாள். "யாரது, பேயா?" என்று கேட்டேன். "பேய்க்குப் பேய் தெரியலையாக்கும்" என்றாள். நாள் நல்லபடியாகத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சீதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். என் கடைசி மகள். மாப்பிள்ளை விஜயன், திரிங்காப்பில் காய்கறி லாரி ஓட்டுகிறான். ரெண்டு பேரும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டவர்கள்தான், பிரிஞ்சாங் சந்தையில், கோசு மூட்டைக்குப் பின்னால். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

மணியம்மா இன்றைக்கே கட்டளை போட்டுவிட்டாள். "அன்னிக்கு ஒரு நாளு மட்டும் வாய மூடிகிட்டு இருங்க. ஒங்க காலுல வேணும்னாலும் விழுறேன்." கல்யாணமான நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறாள். காலில் விழுவதாகச் சொன்னது மட்டும் புதுசு.

17.4.1983

வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

நான் என்ன செய்வேன்? மாப்பிள்ளையின் அப்பா தங்கராஜு அப்படி வந்து நிற்கிறார். திரிங்காப்பில் சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர், பெண்சாதி இல்லாதவர், மரியாதையானவர், எல்லாம் சரி. தலையில் ஒரு முடி கிடையாது. மொத்தமும் கீழே இறங்கி மீசைக்கு வந்துவிட்டது. எண்ணெய் போட்டு முறுக்கி, இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். நம் லயத்து வாசலில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைந்தார். சத்தியமாக.

நாக்கு அரித்தது. கடித்தேன். இன்னும் அரித்தது.

"மணியம்மா, சம்பந்திக்கு நாற்காலி போட்டாச்சு. அவரு மீசைக்கு எங்க நாற்காலி?"

வந்தவர்கள் சிரித்தார்கள். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த வேலம்மா சிரித்தாள். அதோடு போயிருக்கும். விஜயனும் சிரித்துவிட்டான். நல்ல சிரிப்பு, வாய் நிறைய. மகன் சிரிப்பதைத் தங்கராஜு பார்த்தார். கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போய்விட்டார். பக்கவாட்டாகத் திரும்பி.

20.4.1983

சீதா என்னோடு பேசுவதில்லை. பூனையிடம் பேசுகிறாள். "பூனை, சோறு ஆறுதுன்னு அப்பாகிட்ட சொல்லு." பூனை என்னைப் பார்க்கிறது. நான் போய்ச் சாப்பிடுகிறேன்.

23.4.1983

சொல்லி அனுப்பவில்லை.

26.4.1983

பிரிஞ்சாங்கில் விஜயனைப் பார்த்தேன். லாரியை நிறுத்தி இறங்கி வந்தான். "அப்பா பேச்செடுக்கவே விடமாட்றாரு மாமா. அந்த வீட்டுல பொண்ணெடுத்தா என் பொணத்துக்கு முன்னாடியும் அந்தாளு ஜோக்கு சொல்லுவான்றாரு."

சொல்லத்தான் செய்வேன். ஆனால் பையன் முகம் வாடிப்போயிருந்தது. வீட்டில் சீதா முகம் அதற்கு மேல். ராத்திரி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தடுப்புப் பலகை மெலிசு. ஏன்டா இருளப்பா, ஒனக்கு இந்த வாய் எதுக்குடா?

30.4.1983

லியோனார்ட் வந்தான். நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸராக இருந்து ரிட்டையரானவன். என் பழைய கூட்டாளி. தங்கராஜுவுக்கும் வேண்டியவன்.

"வர்ற வெள்ளிக்கெழம தங்கராஜு காட்டுக்குப் போறாரு. தெலோம் ஆத்துல கெலா மீனு பிடிக்க, பன்னி சுட. வருஷா வருஷம் போவாரு. இந்த வாட்டி நானும் போறேன். நீயும் வா லா. மூணு நாளு ஒண்ணா இருந்தா மனுஷன் எறங்கி வருவாரு."

"என்னையே சுட்டுருவாருய்யா."

"அதுக்குத்தான் நான் வர்றேன். மருந்துப் பெட்டியோட."

சமையலுக்கு ஓர் ஆள் வருகிறான் என்று மட்டும் தங்கராஜுவிடம் சொல்லியிருக்கிறானாம். எந்த ஆள் என்று சொல்லவில்லையாம்.

மணியம்மா கற்பூரம் ஏற்றி என் கையைப் பிடித்து அதன் மேல் காட்டி சத்தியம் வாங்கினாள். காட்டுக்குள் தங்கராஜுவைக் கேலி செய்யக்கூடாது. சீதா பூனையிடம் சொன்னாள்: "இதுதான் கடைசி சான்ஸுன்னு சொல்லு."

6.5.1983

காட்டுக்குள் வந்தாயிற்று. தெலோம் ஆற்றங்கரை, அத்தாப்பு ஓலைக் குடிசை. இந்தப் புஸ்தகத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

காலையில் கம்போங் ராஜா ஊரில் என்னைப் பார்த்ததும் தங்கராஜு துப்பாக்கியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "இவருதான் சமையலா?" என்றார். "கருவாட்டுக் கொழம்புல கைதேர்ந்த ஆளு" என்றான் லியோனார்ட். அதற்கு மேல் பேச்சு இல்லை. நாள் முழுக்க நடை. எனக்கு அட்டைக்கடி. அவருக்கு எண்ணெய்ப் பிசுக்குக்குப் பயந்தோ என்னவோ ஒரு அட்டையும் ஏறவில்லை. (சொல்லவில்லை. விழுங்கினேன்.)

வழிகாட்டி பா ஆலாங், ஆற்றோரக் கம்பத்து அஸ்லிக்காரர், இந்தக் காட்டுக் கிராமத்துப் பூர்வகுடி. முன்னே நம் தோட்டத்தில் வேலை செய்தவர், தமிழ் தண்ணியாகப் பேசுகிறார். காட்டுக்குள் நுழையும் முன்னே எங்களை நிறுத்தி ஒரு சட்டம் சொன்னார்.

"அண்ணே, உள்ள எந்த மிருகத்தையும் பாத்து சிரிக்கக் கூடாது. கொரங்கு, பறவ, பூச்சி, அட்ட, எதுவா இருந்தாலும். கேலி பண்ணக் கூடாது. பண்ணினா இடி வரும், காத்து வரும், ஆறு ஏறும். வெளயாட்டு இல்ல."

தங்கராஜு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "இவருகிட்ட ரெண்டு வாட்டி சொல்லுங்க" என்றார்.

வீட்டில் மணியம்மா சத்தியம். காட்டில் பா ஆலாங் சட்டம். இருளப்பனுக்கு எல்லாப் பக்கமும் பூட்டு.

7.5.1983

காலையில் பன்றி வேட்டை. நல்ல கிழட்டுப் பன்றி, கிட்டத்திலேயே வந்து நின்றது. தங்கராஜு சுட்டார். மரத்தில் பட்டது. பன்றி ஓடவில்லை. திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் அடுத்த தோட்டாவைப் போட்டு முடிக்கும் வரைக்கும் நின்று, அப்புறம் மெதுவாக நடந்து போனது.

பன்றியும் மிருகம், சிரிக்கக்கூடாது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். நீலமாகிவிட்டது. பா ஆலாங் ஊதுகுழலில் அம்பை ஊதி ஒரு அணிலை அடித்தார், அதுதான் மத்தியானக் கறி. (விழுங்கியது: "பன்னி ஒங்க மீசையப் பாத்து சொந்தக்காரருன்னு நெனச்சிருச்சு சம்பந்தி.")

சாயந்தரம்தான் வினை.

லியோனார்ட் குடிசையில் தூங்கினான். பா ஆலாங் விறகுக்குப் போயிருந்தார். ஆற்றங்கரையில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். தங்கராஜு பாசிப்பாறையில் கால் வைத்தார், வழுக்கி உட்கார்ந்த வாக்கில் தண்ணீருக்குள் போய்விட்டார். தொப்பி ஒரு பக்கம், தூண்டில் ஒரு பக்கம். எழுந்தார். மீசை ரெண்டும் கீழே தொங்கித் தண்ணீர் சொட்டியது.

நான் சிரிக்கவில்லை. அம்மா மேல் ஆணை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு. முதலில் தூக்... தூக்... என்று மெதுவாக, பிறகு வேகமாக, அப்புறம் ஒரேயடியாக ஹஹஹஹஹா என்று கிழட்டுச் சிரிப்பு. நானேதானா என்று என் வாயைத் தொட்டுப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

"நான் விழுந்து கெடக்கேன். நீ சிரிக்கிற" என்றார் தங்கராஜு. நீ என்றார்.

"நான் இல்லீங்க! அங்கிட்டு மரத்துல—"

"மரமா சிரிச்சிச்சு?"

பா ஆலாங் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அது ஒரு பெரிய பறவையாம். வாலு நீளம், மூக்குக்கு மேல் கல்லு மாதிரி கொண்டை. முன்னே மனுஷனாக இருந்ததாம். மாமியார் மேல் கோபம் வந்து, அவள் வீட்டைத் தாங்கி நின்ற மரக்கால்களையெல்லாம் தூக் தூக் என்று வெட்டினானாம். வீடு விழுந்ததும் சிரித்தானாம். அந்தச் சிரிப்புதான் இன்னும் நிற்கவில்லையாம். மாமியார் வீட்டை வெட்டின பறவை என்றே மலாய்க்காரர்களும் பேர் வைத்திருக்கிறார்களாம்.

"நான் வழுக்கி விழுற நேரம் பாத்து பறவ சிரிச்சிச்சா?" என்றார் தங்கராஜு. கருவாட்டுக் குழம்பைத் தொடவில்லை. வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

இத்தனை வருஷமாகச் சிரித்துவிட்டு இல்லை என்றிருக்கிறேன். எல்லாரும் விட்டுவிடுவார்கள். இன்றைக்கு நிஜமாகச் சிரிக்கவில்லை. ஒருத்தரும் நம்பவில்லை. லியோனார்ட்கூட, "எங்கிட்ட மட்டும் சொல்லு, நீதான?" என்கிறான். அந்தப் பறவைக்கு மாமியார் வீடு பத்தவில்லை, என் மகள் வீட்டையும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறது. புள்ள மூஞ்சில எப்படிடா முழிப்பேன்.

8.5.1983

நிறைய நடந்துவிட்டது. முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் தங்கராஜு தூண்டிலில் கெலா மாட்டியது. பெரிய மீன். செதில் செம்புத் தட்டு மாதிரி மின்னியது. பா ஆலாங் வலையை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழ்ப்பக்கம் மறிக்கப் போனார். இடுப்பளவு தண்ணீரில் நான். ரெண்டு கையிலும் வலை. புகையிலைப் பை நனையாமலிருக்கப் பல்லில் கடித்திருந்தேன். வாய் முழுக்கப் பை.

மீன் கிட்டே வந்துவிட்டது. இன்னும் ஒரு இழுப்பு.

தூக்... தூக்... தூக்...

ஐயோ, வேண்டாம் என்று மனசுக்குள் கும்பிட்டேன். கேட்குமா அது?

ஹஹஹஹஹா!

தங்கராஜு வெறியோடு திரும்பினார். பார்த்தால் நான் நிற்கிறேன், வாயில் பை, கண் ரெண்டும் பிதுங்கி. சிரிப்பு மேலேயிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அண்ணாந்து பார்த்தார். கிளையில் கறுப்பும் வெள்ளையுமாக அந்தத் துரை உட்கார்ந்திருக்கிறார். தங்கராஜு என்னைப் பார்த்தார். பறவையைப் பார்த்தார். மறுபடி என் பையைப் பார்த்தார்.

மீசை ஆடியது. முதலில் நுனி. அப்புறம் முழுசும். அப்புறம் தோள், வயிறு. வெடித்துவிட்டார்.

"அண்ணே, சிரிக்காதீங்க!" என்று பா ஆலாங் கத்தினார். அடங்கினால்தானே? தூண்டில் கையை விட்டுப் போனது. மீன் போனது. மனிதர் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நான் மட்டும் சிரிக்கவில்லை. காடு முழுக்கச் சிரிப்பு, இருளப்பன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வேன் இதை?

மத்தியானம் வானம் கறுத்தது. விளையாட்டு இடி இல்லை. குடிசைக்குப் பக்கத்திலேயே ஒரு மரம் முறிந்து விழுந்தது. ஆறு செம்மண்ணாக ஏறி வாசல்படியைத் தொட்டது. லியோனார்ட் செபம் சொன்னான். நான் முருகனைக் கூப்பிட்டேன். பா ஆலாங் முகத்தில் பயம் இருந்தது, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

"யாரு சிரிச்சது? சிரிச்சவரே வாயத் தெறந்து சொல்லணும்" என்றார் பா ஆலாங்.

"நான்தான்" என்றார் தங்கராஜு.

"ஒங்க முடி கொஞ்சம் குடுங்க. நெருப்புல போட்டு மன்னிப்புக் கேக்கணும்."

எல்லாரும் தங்கராஜுவின் தலையைப் பார்த்தோம். பளபளவென்று இருந்தது. பிறகு எல்லாரும் கொஞ்சம் கீழே பார்த்தோம்.

தங்கராஜு மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். லியோனார்டின் மருந்துப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என் கையில் வைத்தார்.

"நீங்களே வெட்டுங்க" என்றார். நீங்க என்றார்.

கத்தரிக்கோலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். சிரிப்பு வரவே இல்லை. ஒரு பக்கம் வெட்டினேன். போதும் என்றார் பா ஆலாங். "ஒரு பக்கத்தோட எப்படிய்யா ஊருக்குள்ள போவேன்?" என்றார் தங்கராஜு. மற்றதையும் வெட்டினேன். பா ஆலாங் முடியை நெருப்பில் போட்டு, தன் பாஷையில் இருட்டைப் பார்த்து என்னவோ சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக இடி தூரம் போனது. ஆறு படியோடு நின்றது.

அடுப்பு வெளிச்சத்தில் பார்த்தேன். மீசைக்குக் கீழே ஒரு வாய் இருந்திருக்கிறது. விஜயன் வாய், அப்படியே.

தங்கராஜுதான் பேச்சை எடுத்தார். நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ போனதுக்கப்பறம் எங்க வீட்டுல யாரும் சத்தம் போட்டு சிரிச்சதில்ல. நானும் பையனும் ரேடியோவும்தான். அன்னிக்கு ஒங்க வீட்டுல அவன் சிரிச்சான் பாருங்க... எம் பையன் இப்படி சிரிப்பான்னு எனக்கே தெரியாது. என் வீட்டுல சிரிக்காதவன் அடுத்த வீட்டுல சிரிக்கிறானேன்னு வயித்தெரிச்சலு. மீசைக்காக இல்ல."

குழம்பைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். ரெண்டு தட்டு சாப்பிட்டார்.

9.5.1983

கம்போங் ராஜா காப்பிக் கடை. "காடு முடிஞ்சிருச்சா?" என்று கேட்டேன். "முடிஞ்சிது" என்றார் பா ஆலாங்.

முதலில் பன்றியிலிருந்து ஆரம்பித்தேன். விழுங்கி வைத்திருந்தது ஒன்று விடாமல் வெளியே வந்தது. அதிகம் சிரித்தது பா ஆலாங். தங்கராஜு காப்பியைத் துப்பிவிட்டார். துடைக்க மீசை இல்லை.

மீனும் இல்லை, பன்றியும் இல்லை. அட்டைக்கடி மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். லாரி வந்துவிட்டது.

15.5.1983

சொல்லி அனுப்பிவிட்டார்கள். மணியம்மா அடுப்படியில் பாடுகிறாள். சகிக்கவில்லை. சொன்னேன். கரண்டி வந்தது.

29.5.1983

பரிசம் போட வந்தார்கள். மணியம்மா என்னைத் தூண் பக்கத்தில் நிறுத்தி, வாயில் வெற்றிலையைத் திணித்துவிட்டாள். தங்கராஜு நேராக நடந்து வந்தார், திரும்பாமல். மீசை இப்போதுதான் பல்துலக்கும் பிரஷ் மாதிரி முளைத்திருக்கிறது. வேலம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். லயமே என்னைப் பார்த்தது. நான் வெற்றிலையை மென்றேன்.

தங்கராஜு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் விரித்தார்.

"இதுல யாரும் உக்காராதீங்க. ஆளு வளந்துகிட்டு இருக்கு. கல்யாணத்துக்குள்ள வந்துரும்."

எல்லாரும் அந்தத் துண்டைப் பார்த்தோம். அப்புறம் விஜயன் சிரித்தான். அப்பனும் மகனும் சேர்ந்து சிரித்தார்கள். எது யார் சிரிப்பென்று தெரியவில்லை. எனக்குத்தான் வெற்றிலை புரை ஏறிவிட்டது.

30.5.1983

"அப்பா, சோறு ஆறுது" என்றாள் சீதா. என்னிடமே சொன்னாள்.

பூனை அவளைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு எழுந்து வெளியே போய்விட்டது, தோட்டத்து ஆபீஸில் வேலை போன கிராணி மாதிரி.