நூல் கட்டிய பாட்டில்

மார்ச் 3, ஞாயிறு

இன்று காலையிலிருந்து ஐயாவுக்கு வாசம் சக்களத்தி வீட்டில்தான். சக்களத்தி என்றால் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கும் அந்த இரண்டு கதவுக் கார். யாரோ தலைமுழுகிய பழைய ஸ்போர்ட்ஸ் வண்டியை இழுத்து வந்து, இன்ஜினுக்கு டர்போ மாட்டி, ஸ்பிரிங்கை மாற்றி, அகல டயர் போட்டு உயிர் கொடுத்து வைத்திருக்கிறார். அதில் ஏறி உட்கார்ந்தால், ரோட்டில் கிடக்கிற காசு தலையா பூவா என்று முதுகெலும்பு சொல்லிவிடும்.

வருகிற சனிக்கிழமை பந்தயத் திடலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அவரவர் வண்டியை அவரவர் ஓட்டிப் பார்க்கலாம். பாப்பா ஹாஸ்டலிலிருந்து இதற்காகவே வருகிறாள், அப்பா பக்கத்தில் உட்கார. அதனால் புது பிரேக் கட்டை, புது பிரேக் ஆயில். பழைய ஆயிலை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். நான்தான் கால். உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிப்பேன். அவர் சக்கரத்துப் பக்கம் படுத்துக்கொண்டு குரல் கொடுப்பார்: "அழுத்து... பிடி... விடு." அவர் சக்கரத்தருகே இருக்கும் ஆயில் திருகை மூடி "விடு" என்று சொல்லும்வரை காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் குழாய்க்குள் காற்று போய்விடும். மறுபடி முதலிலிருந்து.

மதியம் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றால், "இன்னும் ஒரே ஒரு சக்கரம்மா" என்கிறார். ஒரே ஒரு, ஒரே ஒரு என்று எத்தனை வருஷம். உட்கார்ந்தேன். பாதி மிதியில் காலை எடுத்தேன். வேண்டுமென்றேதான்.

"காத்து போயிடுச்சும்மா. பரவால்ல, மறுபடி ஆரம்பிப்போம்" என்றார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"நீங்களும் உங்க வண்டியும். இது என்னிக்கு இந்த வீட்ட விட்டுப் போகுதோ அன்னிக்குத்தான் எனக்கு விடிவு" என்று கத்திவிட்டுத் தனியாகவே தங்கை வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து அவரே செய்துகொண்டிருந்தார். நான் நேரே அடுக்களைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 4, திங்கள்

காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆபீஸ் போனார். நிலம் அளக்கிற ஆபீஸ். அடி பிசகாது என்று பெயர் வாங்கிய மனிதர்.

துணி உலர்த்தப் போனவள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். பானெட் திறந்தபடி இருந்தது. வேலை முடியவில்லை போலும். பிரேக் ஆயில் ஊற்றுகிற வெள்ளை டப்பா எனக்குத் தெரியும், மேல்கோடு கீழ்கோடு இரண்டும் தெரியும். மேல்கோடு வரை இருக்க வேண்டும் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஒரு விரல்கடை குறைந்திருந்தது. பக்கத்துப் பலகையிலேயே பிரேக் ஆயில் பாட்டில். ஊற்றினேன். கோட்டைத் தொட்டதும் நிறுத்தி, மூடி, சிந்தியதைத் துடைத்து, பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

நேற்று பெடலிலிருந்து காலை எடுத்ததற்கு இது ஈடாகட்டும். சொல்லப்போவதில்லை. தானாகக் கண்டுபிடிக்கட்டும்.

சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "நேத்தே ஊத்திட்டேன் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பானெட்டை மூடினார். அடுக்களையில் எனக்கு ஒரே சிரிப்பு.

மார்ச் 6, புதன்

ராஜி ஆயிற்று. காபியை அவரே போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரைதான் இல்லை.

மார்ச் 9, சனி

 எழுதினால் மனசு அடங்கும் என்று எழுதுகிறேன்.

திடலுக்கே போய்ச் சேரவில்லை. பெரிய ரோட்டில் வண்டி தானாக இழுத்துப் பிடித்திருக்கிறது. காலை எடுத்தும் பிரேக் விடவில்லை. முன் சக்கரம் இரண்டிலும் புகை. பின்னால் ஒரு லாரி. எப்படியோ ஓரம் கட்டியிருக்கிறார். பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அவருக்கும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை.

பாப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், "அப்பா கூலா இருந்தாரும்மா." அவர் சிரிக்கவில்லை. வண்டியைக் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த வெள்ளை டப்பா மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர், தண்ணீரில் ஊறிய விரல்போல உப்பிச் சுருக்கம் விழுந்து கிடந்தது. "பாரு. வேற எண்ணெய் கலந்திருக்கு. உள்ள இருக்கிற ரப்பர் எல்லாமே இப்படித்தான் ஊறியிருக்கும். அதான் பிடிச்ச பிடிய விடல" என்றார்.

பிறகு பலகையிலிருந்த பாட்டிலை எடுத்தார். கழுத்தில் ஒரு நூல் கட்டியிருந்தது. "ஸ்டியரிங் எண்ணெய் டின் ஓட்டையாயிடுச்சுன்னு பழைய பிரேக் ஆயில் பாட்டில்ல ஊத்தி வெச்சேன். அடையாளத்துக்குத்தான் இந்த நூல். இதுல குறைஞ்சிருக்கு. நான்தான் ஊத்தியிருக்கேன்."

அந்த நூலை நான் பார்த்தேன். திங்கட்கிழமை பார்த்தேன். ஆணியில் மாட்டக் கட்டியது என்று நினைத்தேன். கண் இருந்தும் குருடி.

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "எப்ப ஊத்தினேன்னே ஞாபகம் இல்லம்மா. ஊத்தினது சுத்தமா ஞாபகம் இல்ல. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்றார்.

மாமனாரின் கடைசி வருஷங்களை நான்தான் பார்த்துக்கொண்டேன். பெற்ற மகனையே யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டவர். அந்த நினைப்பில், சொல்ல வந்தது பின்னுக்குப் போய்விட்டது. பாப்பா வேறு பக்கத்தில் நின்றாள். அவளைச் சாகக் கொடுக்கப் பார்த்தது நான் என்று அவள் எதிரில் எப்படிச் சொல்வேன்? அவள் போனதும் சொல்லிவிடலாம்.

மார்ச் 11, திங்கள்

பாப்பா போய்விட்டாள். சொல்லவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

பிரேக்கில் இருந்த ரப்பர் அத்தனையையும் மாற்றிவிட்டார். குழாய்களையும்தான். நான் காலாக உட்கார்ந்தேன். "அழுத்து, பிடி, விடு." ஒரு தரம்கூட நான் தவறவில்லை. முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "வித்துடலாம்னு இருக்கேன்."

"ஏன்" என்று கேட்டேன். கேட்டேனே தவிர...

இங்கே பொய் எழுதி என்ன பயன்? எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கொட்டகை காலியாகும். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைக்கும். கேட்ட வரம் கேட்காமலே வந்து நிற்கும்போது, அதை ஏன் தட்டிவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. இப்போது சொன்னால் விற்கமாட்டார். அதனால் சொல்லவில்லை. பயத்தால் வாயை மூடியிருந்தது அதுவரைதான். அதற்குப் பிறகு ஆசையால் மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 6, சனி

வண்டி போய்விட்டது. பல் டாக்டர் ஒருத்தர் வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்போலத்தான் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டார். இவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார், கல்யாணமாகிப் போகிற பெண்ணைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொல்வதுபோல. குளிரில் உடனே முடுக்காதீங்க. நிறுத்தினதும் இன்ஜினை அணைக்காதீங்க, கொஞ்ச நேரம் ஓடட்டும்.

தெருமுனை திரும்பும்வரை நின்றார். சத்தம் கேட்கிறவரை நின்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை எனக்குத்தான் என்று ஆயிற்று. என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். தெருவில் இறங்குகிறார். திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறார். கேஸ் அடுப்பின் திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். "மூடினேனா?" "மூடிட்டீங்க." "பாத்தியா நீ?" "பாத்தேங்க." குளியலறையில் வெந்நீர் போட்டால் அங்கேயே நிற்கிறார், மறந்துவிடுவாராம்.

ஆபீசில் இனிமேல் அளவெடுக்கப் போகமாட்டேன், ஃபைல் அடுக்குகிற வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றுதான் தெரியும். "நான் அளந்து தப்பாச்சுன்னா இன்னொருத்தன் வீட்டுச் சுவரு இடியும்மா" என்றார்.

விளையாட்டு வினையாயிற்று என்பார்கள். நான் விளையாடக்கூட இல்லையே.

மே 4, சனி

நரம்பு டாக்டரிடம் அவரைக் கூட்டிப் போனேன். படம் வரையச் சொன்னார், தலைகீழாக எண்ணச் சொன்னார், கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். இவர் எல்லாவற்றையும் பிசகாமல் செய்தார். "உங்க ஞாபகசக்தி என்னோடத விட நல்லா இருக்கு" என்று டாக்டர் சிரித்தார்.

ஆட்டோவில் வரும்போது இவர் சொன்னது: "அப்பாவுக்கும் முதல்ல அப்படித்தான் சொன்னாங்க."

இதற்கு மேல் என்னால் முடியாது.

மே 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் காலிக் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தார். போய் எதிரில் நின்று, "ஏங்க, அந்த எண்ணெய ஊத்தினது நீங்க இல்ல. நான்" என்றேன். திங்கட்கிழமை, துணி உலர்த்தியது, மேல்கோடு, துடைத்த துணி, எல்லாம் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார், அடிக்கட்டும் என்று நின்றேன். அதுவரை ஒரு நாளும் கை ஓங்காத மனிதர்.

என் தலையில் கை வைத்தார். "எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்மா" என்றார்.

பொய் இல்லைங்க என்றேன். "நீ பானெட் பக்கமே போனதில்லையே." அன்னிக்குப் போனேங்க, திறந்துதான் கிடந்தது என்றேன். "சரி, எந்த பாட்டில்?" நூல் கட்டினது என்றேன். "அத உனக்குக் காட்டினதே நான்தானே" என்று சிரித்தார். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அவரே நிற்கிறார். வண்டி போகும்போதே எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், அதனால்தான் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அதற்கும், "உன்னத் தெரியாதா எனக்கு? நீ அப்படிப்பட்டவ இல்ல" என்கிறார்.

நான் அப்படிப்பட்டவள்தான். அன்றைக்கே, ரப்பரைக் காட்டிய அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். கோபம் வந்திருக்கும், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார், ஐந்தாம் நாள் கட்டையை முட்டுக்கொடுத்து வேலையை ஆரம்பித்திருப்பார். இப்போது உண்மை என் வாயிலேயே பழசாகிப்போய்விட்டது.

மே 14, செவ்வாய்

பாப்பா போன் செய்தாள். அப்பா அவளிடம் சொன்னாராம்: "உங்கம்மா என் பழியத் தூக்கி அவ தலைல போட்டுக்கறா. இப்படி ஒருத்தி அமையக் குடுத்து வெச்சிருக்கணும்." பாப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன்.  அதற்கு, "அம்மா, அப்பாவுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நினைக்கிறது சரி. என்கிட்டயுமா?" என்கிறாள்.

மே 26, ஞாயிறு

என்னிடம் முன்னைவிட அன்பாக இருக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

பல் டாக்டர் போன் செய்தார். வண்டி மேடு ஏறும்போது திணறுகிறதாம், டர்போவைக் கழற்றிப் பார்க்கப்போகிறாராம், எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டார். இவர் முதலில், "நான் சொல்றது சரியா இருக்குமான்னு தெரியல சார்" என்று இழுத்தார். பிறகு ஆரம்பித்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கழற்றவே வேண்டாம், முதலில் இடதுபக்க ரப்பர் குழாயின் வளையத்தைப் பாருங்கள், தளர்ந்திருக்கும். அது எந்த அளவு வளையம், எந்த ஸ்பேனர், கை நுழைய எந்தக் கம்பியை ஒதுக்க வேண்டும், எந்தப் போல்ட்டில் மரை தேய்ந்திருக்கிறது, அதை எவ்வளவு மெதுவாகத் திருக வேண்டும். ஒரு இடத்தில்கூட யோசிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரலால் திருகித் திருகிச் சொன்னார்.

நடுவில் டாக்டர் போய் இறுக்கிவிட்டு வந்து, சரியாகிவிட்டது என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

இவர் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?"

"ஒண்ணுகூட தப்பில்லீங்க. உங்களுக்கு எதுவும் மறக்கல" என்றேன்.

சிரித்தார். "நீ அப்படித்தான் சொல்லுவ" என்று சொல்லிவிட்டு, கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க எழுந்து உள்ளே போனார்.