எஸ்தரக்கா மறித்த ஊர்வலம்

என் கட்டிலில் பாதிக்குச் சொந்தக்காரியான எஸ்தரக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. சுகமா என்று கேட்கத்தான் கை போகிறது, என்ன செய்ய? ஒரு செய்தி சொல்கிறேன். எல்லை முடிவாகிவிட்டது. நம் பாறசாலை ஆஸ்பத்திரி கேரளத்தில். களியக்காவிளைக்கு அப்பால் இருக்கும் உன் கல்லறை மதராஸ் மாநிலத்தில். உனக்கு ஒரு பூ வைக்க நான் இனி மாநிலம் தாண்டி வர வேண்டும்.

வாந்திபேதி பரவிய அந்த மாதம் ஞாபகமிருக்கிறதா? நர்சுகளின் கட்டில்களெல்லாம் வார்டுக்குப் போய், நம் இருவருக்கும் மிஞ்சியது ஒன்று. இரவு டியூட்டி முடித்து பகலில் நான் படுப்பேன், பகல் டியூட்டி முடித்து இரவில் நீ. போராட்டத்தால் பஸ் ஓடவில்லை, மாற்று நர்சுகளும் வரவில்லை. நான் படுக்கிற நேரம் பார்த்து, நம் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லும் ஊர்வலம் ஜன்னலுக்குக் கீழே வரும். நானும் தமிழச்சிதான். அவர்கள் கோரிக்கையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, குரலில்தான்.

நாலு நாள் உறக்கமில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும், பொழியூரிலிருந்து வந்த மீன்காரத் தாத்தா ஒருவருக்கு சலைன் ஏறிக்கொண்டிருக்கையில், நான் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டேன். பாட்டில் காலி. டியூட்டிக்கு வந்த நீ ஓடிப்போய் வேறு பாட்டில் மாட்டியிராவிட்டால் அவர் போயிருப்பார். நான் விக்கி விக்கி அழுதேன். நீ திட்டவில்லை.

"போய்ப் படு. இண்ணைக்கு உனக்கு உறக்கம் உண்டு" என்றாய்.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் அறிவேன். நான்தான் உறங்கிவிட்டேனே! ஊர்வலம் வந்ததும் நீ நடுரோட்டில் போய் நின்றாயாம்.

"அண்ணன்மாரே, உள்ள ஒருத்தி உறங்குதா. சத்தம் போடாம போங்க."

முன்னால் வந்த தலைவர் திகைத்தாராம். "போராட்டம் ஆக்கும் மோளே! வாயை மூடிட்டு எப்பிடிப் போறது?"

"அவ உறங்கலைண்ணா நாளைக்கு வார்டில ஒருத்தன் சாவான். அது உங்க வீட்டு ஆளா இருந்தா? பின்ன யாருக்கு வேண்டி இந்தப் போராட்டம்?"

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தது. கோஷமில்லாத ஊர்வலத்தைக் கண்ட போலீசார் ஏதோ சதி என்று லாரியைக் கொண்டுவந்தார்கள். "எஞ்சினை நிறுத்துங்க சாரே" என்று அதையும் மறித்தாயாம். போலீசார் இறங்கித் தள்ளினார்கள். லாரி அசையவில்லை. கடைசியில் ஊர்வலக்காரர்கள் திரும்பி வந்து கைகொடுத்தார்களாம். அந்த வருடம் முழுக்க இரண்டு கட்சியும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

நான் கண் விழித்தபோது விடிந்திருந்தது. மறுநாள்! என் இரவு டியூட்டியையும் நீயே பார்த்திருந்தாய். கண் இரண்டும் சிவந்து என் முன்னால் நின்றாய்.

"ஏன்க்கா எழுப்பல?"

"வாயைப் பிளந்துட்டுக் கிடந்தே மக்கா. எழுப்ப மனசு வரல."

முகத்தைக் கழுவிக்கொண்டு உன் பகல் டியூட்டிக்குப் போய்விட்டாய்.

தாத்தா பிழைத்துக்கொண்டார். இப்போதும் மீன் கொண்டுவருகிறார், உனக்கும் சேர்த்து. இரண்டு பங்கையும் நானே தின்கிறேன், கோபப்படாதே. கோபம் எனக்குத்தான். அடுத்த வருடம் டைபாய்டில் படுத்தாய், எழும்பவே இல்லை. உனக்காக ஒரு நாளாவது என்னை முழித்திருக்க விட்டாயா?

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். கடைசி நாளில் எக்காளம் ஊதி மரித்தோரையெல்லாம் எழுப்புவார்களாம். அன்றைக்கு உனக்கு முன்னே நான் எழும்பி, ஊத வருகிற தேவதூதனைப் பிடித்துக்கொள்கிறேன். "கொஞ்சம் மெள்ள ஊதணும், கேட்டியளா? எங்க அக்கா இப்பதான் படுத்தா."

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
ரூத்து