நாற்பத்து மூன்று புகார்களில் ஒன்று

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. என் முழங்கால் படியேறும்போது மட்டும் தகராறு செய்கிறது. ஃப்ரிட்ஜ் மறுபடியும் நின்றுபோய், மெக்கானிக் வந்து போனார், வந்து வந்து பழகிவிட்டதால் இந்த முறை தண்ணீர் பாட்டிலைக்கூடத் தானே எடுத்துக் குடித்தார். கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டினாயா இல்லையா, அதைப் பற்றி நீ பேச்சே எடுப்பதில்லை, அதனால் காட்டவில்லை என்று தெரிகிறது. அப்பா விஷயம் என்ன ஆயிற்று என்று ஃபோனில் மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் அப்பா ஃபோனைப் பிடுங்கிக் கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசினார், நடந்தது என்ன என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடிதத்தை நடுவில் யாரும் பிடுங்க முடியாது.

அப்பா பாடம் எடுக்கும் விதம் உனக்குத் தெரியும். தனக்குத் துளியும் உடன்பாடில்லாத ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் அதற்காக வாதாடுவார், பிள்ளைகள் அவரைத் தோற்கடிக்க வேண்டும், வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் சொன்னது அத்தனையும் பொய் என்பார். பிள்ளைகள் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்சியோடு இருபத்தெட்டு வருஷமாக நான் குடித்தனம் நடத்துகிறேன், எனக்கு அந்தக் கடைசி ஐந்து நிமிடம் ஒருநாளும் வாய்த்ததில்லை. இந்த செமஸ்டரில் புதிதாக ஒன்று செய்தார். என்னை வேலையை விட்டுத் தூக்குகிற அளவுக்குப் பலமாக ஒரு புகார் எழுதுங்கள், பதிவாளருக்கு எழுதுங்கள், தேதி போட்டுக் கையெழுத்தும் போடுங்கள், எது அதிகம் நம்பும்படி இருக்கிறதோ அதற்கு முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டார். நாற்பத்து மூன்று பேரும் சொன்ன நாளில் எழுதிக் கொடுத்தார்கள். வேறு எந்தக் கட்டுரைக்கும் இப்படி நடந்ததில்லை என்று அப்பா பெருமைப்பட்டார்.

அன்று அவருக்கு ஏதோ கூட்டம். அந்தப் புகார்க் கட்டைப் பியூனிடம் கொடுத்து, மேடத்துகிட்ட குடுத்துரு, வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருவாங்க என்று சொல்லியிருக்கிறார். பியூன் என் மேசையில் வைத்துவிட்டு, சார் குடுத்தாரு என்பதோடு போய்விட்டார். எங்கள் கட்டடத்தில் சார் என்றால் முப்பது பேர். நான் பல்கலைக்கழகத் தபால் பிரிவில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன், பெறுநர் யார் என்று பார்ப்பேன், முத்திரை குத்துவேன், எண் போடுவேன், அதற்குக் கீழே படிப்பது என் வேலை இல்லை. பதிவாளருக்கு என்று இருந்தது, நாற்பத்து மூன்றுக்கும் குத்தி மதியத்துக்குள் உள்ளே அனுப்பிவிட்டேன். சாயங்காலம் வீட்டில் அப்பா, என் கட்டு எங்கே என்றார். எந்தக் கட்டு என்றேன். அன்று இரண்டு பேரும் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் அப்பா பதிவாளரிடம் போய், எல்லாம் வகுப்புப் பயிற்சிங்க என்று விளக்கியிருக்கிறார். புரியுது சார், ஆனா எண் விழுந்திருச்சே என்றாராம் அவர். எண் விழுந்த புகாரை விசாரிக்காமல் மூட வழியில்லை. விளக்கம் கேட்டு நோட்டீஸ் தயாரானது, அதை அனுப்புவதும் என் பிரிவுதான், வீணாகத் தபாலில் போடுவானேன் என்று நானே கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். தேதி போடாமல் விட்டார், போட வைத்தேன். இதற்குள் செய்தி வெளியே போய், வாசலில் ஒரு கூட்டம் சிந்திக்க வைப்பவரைத் தொடாதே என்று அட்டை பிடித்து நின்றது, எதிரே இன்னொரு கூட்டம் வகுப்பறையில் விஷம் வேண்டாம் என்று நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே கடையில்தான் அட்டை எழுதினார்கள். அப்பா தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் நடுவே நடந்து போனார். நான் சொன்னதாகச் சொல்லாதே, அந்த இரண்டு வாரமும் மனுஷர் பத்து வயது குறைந்து தெரிந்தார்.

விசாரணைக்கு முதல் நாள் மத்தியானம் ஒரு பெண் என் ஜன்னலுக்கு வந்தாள். அப்பா வகுப்புப் பெண். என் தாளை மட்டும் திருப்பிக் குடுத்துருங்க மேடம் என்றாள். திரும்பப் பெற ஒரு படிவம் இருக்கிறது, அதில் போடும் எண்ணைச் சரிபார்க்க, விசாரணைக்காக என்னிடம் வந்திருந்த கோப்பைத் திறந்து, முதல் தடவையாகப் பெறுநருக்குக் கீழேயும் படித்தேன். அவள் எழுதியிருந்தது நாலே வரிதான். வீட்டில் யாரும் படிக்காத பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தால் தரம் கெடும், சேர்க்கக் கூடாது என்று ஐயா ஒருநாள் வாதாடினார். கதவு திறந்திருந்தது, வெளியே என் அம்மா வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார், பாதியில் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது பொய் என்று ஐயா கடைசியில் எங்களுக்குச் சொன்னார். என் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். இது மார்க்குக்காக எழுதினதா என்று கேட்டேன். இல்ல மேடம், நடந்தது, எழுதிக் குடுத்தப்புறம் நானே வீட்ல போய்ச் சொன்னேன், அம்மா நம்பல, தன்னைச் சமாதானப்படுத்த நான் சொல்றேன்னுட்டாங்க என்றாள். அப்ப எதுக்கும்மா திரும்ப வாங்குற என்றேன். அவள் தன் ஃபோனை ஜன்னல் வழியே நீட்டினாள். சிந்திக்க வைக்கும் ஆசிரியர்மேல் புகார் எழுதும் கோழைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார், நாலாயிரம் பேருக்கு அது பிடித்திருந்தது. மேலே உன் பெயர் இருந்தது.

அந்த ஆசிரியர் உன் அப்பா என்று நீ எங்கும் எழுதவில்லை, நடுநிலையாகத் தெரியட்டும் என்று விட்டிருப்பாய். நான் அவர் மனைவி என்பதை அவளிடம் சொன்னேன், பாவம், இன்னும் பயந்துபோனாள். ஐயா நல்லவருங்க மேடம் என்றாள். நல்லவர்தான், அது எனக்கும் தெரியும், அதுக்கும் உன் தாளுக்கும் சம்பந்தமில்லை என்றேன். படிவத்தைக் கொடுத்து, எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம், நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு என்றேன். இதை எழுதினவன் என் மகன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. வீட்டில் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அலுவலகத் தாளை வீட்டில் பேசுவது வழக்கமில்லை. மறுநாள் காலையில் பத்து மணி வரை ஜன்னலை விட்டு நகரவில்லை. அவள் படிவத்தோடு வந்துவிட்டால் அப்பா தப்பித்துவிடுவார் என்றும், அவள் வரக்கூடாது என்றும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவள் வரவில்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு போவதும் என் பிரிவு என்பதால் விசாரணை முழுக்க நான் சுவரோரம் நின்றேன். மூன்று பேர் குழு, தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அப்பா சாக்பீஸ் தின்கிறார் என்று ஒருவன் எழுதியிருந்தான், மொட்டைமாடியில் ரகசியப் படை வைத்திருக்கிறார் என்று இன்னொருத்தி. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்தப் பெண்ணின் தாளைப் படித்ததும் சிரிப்பு நின்றது. இதுவும் பயிற்சிதானே சார், ஆமான்னு சொல்லுங்க, எல்லாத்தையும் சேத்து மூடிருவோம் என்றார். அப்பா தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். இல்லைங்க, இது நடந்தது என்றார். கதவைச் சாத்தணும்னு எனக்குத் தோணல என்றார், பிறகு தானே, இல்ல, விஷயம் கதவு இல்ல என்று திருத்திக்கொண்டார். எங்கப்பாவும் படிக்காதவர்தான், அதனால அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நினைச்சிட்டேன் என்றார். எத்தனையோ வருஷம் கழித்து அன்றைக்கு எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம் வந்தது, கையில் கோப்பு இருந்ததால் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு செமஸ்டருக்கு வகுப்பு கிடையாது, வினாத்தாள் அறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. அப்பா விலைபோய்விட்டார் என்று ஒரு கூட்டம் சொன்னது, தண்டனை போதாது என்று இன்னொரு கூட்டம் சொன்னது, இரண்டும் அட்டைகளை வாசலிலேயே போட்டுவிட்டுக் கலைந்தன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அந்தப் பெண்ணின் அம்மா. அப்பா அங்கேயே போய் நின்று, நான் அன்னைக்குப் பேசினது பொய்ம்மா, உங்க காதுல விழும்னு யோசிக்கல, தப்பு என்னுது என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கேட்டுவிட்டு, மூணு வாரமா பொண்ணுகிட்ட, படிச்சது போதும், நிறுத்திக்கலாமான்னு கேட்டுட்டு இருந்தேன் சார், இனிமே கேக்கல என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைச் சொன்னார்.

நீ எழுதியதை எடு என்று நான் சொல்லப்போவதில்லை, பேசாதே என்று இந்த வீட்டில் உன்னை யாரும் சொல்லி வளர்க்கவில்லை. அப்பாமேல் உள்ள பாசத்தில் எழுதினாய், அது தெரியாதவளா நான். ஆனால் இவர்கள் இங்கே படிக்கக் கூடாது, வீட்டுக்குப் போகட்டும் என்று அப்பா பொய்யாகத்தான் சொன்னார். நீ நிஜமாகவே சொல்லியிருக்கிறாய்.

நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, எங்கே இருந்தாலும் எங்கள் இரண்டு பேர் ஆசியும் உன்னோடு இருக்கும். பல்லைத் தள்ளிப்போடாதே. அந்தப் பெண் இப்போதும் படிக்க வருகிறாள். அவளிடமும் சொல்ல வேண்டியதை அப்பா சொல்லிவிட்டார், உன்னைப் பற்றி நேற்று நானும் சொல்லிவிட்டேன். வீட்டில் இனி பாக்கி நீ ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா